ஓடு கொத்தி நின்றுவிட்ட குஞ்சு: எப்போது கை வைப்பது, எப்போது கை கட்டி நிற்பது

முட்டையை உரித்துக் குஞ்சை எடுக்கப்போய் அது செத்தால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: சவ்வில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிழித்திருப்பார்கள். சும்மா விட்டதால் செத்தால், அதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சவ்வு காய்ந்து இறுகியதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். குஞ்சு எவ்வளவு கத்துகிறது என்பதை வைத்து முடிவெடுத்தால் இரண்டில் ஒன்றில் மாட்டிக்கொள்வீர்கள். கொத்தி எத்தனை மணி நேரம் ஆயிற்று, சவ்வு என்ன நிறத்தில் இருக்கிறது, அதில் ரத்த நாளம் தெரிகிறதா, இந்த மூன்றையும் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

முதலில் மணிக்கணக்கு

இங்கே சொல்லும் நேரமெல்லாம் 21 நாளில் பொரிக்கும் கோழி முட்டைக்கு. 18ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 75 சதவீதத்துக்கு ஏற்றி, இன்குபேட்டரை மூடிவிடுகிறோம். 19 அல்லது 20ஆம் நாள் குஞ்சு உள்சவ்வைக் குத்தி, அகன்ற முனையில் இருக்கும் காற்றறைக்குள் அலகை நீட்டும். முட்டைக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்பது அதன் பிறகுதான். அடுத்த 12 முதல் 24 மணி நேரத்தில் ஓட்டில் முதல் கொத்து விழும். கொத்திய பிறகு இன்னொரு 12 முதல் 24 மணி நேரம் குஞ்சு அப்படியே கிடக்கும். சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் திரும்புவதும், மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போய் முடிவதும் இந்த நேரத்தில்தான். பிறகு எழுந்து ஓட்டைச் சுற்றி வெட்டத் தொடங்கும். வெட்டத் தொடங்கினால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும்.

காடைக்கு 17 அல்லது 18 நாள். எல்லாமே வேகமாக நடக்கும், முட்டையும் சின்னது. காடை முட்டையை உரித்து உதவப்போனால் நன்மையைவிடச் சேதம்தான் அதிகம். வாத்துக்கு 28 நாள், மஸ்கோவி வாத்துக்கு 35. இவை நிதானமானவை. கொத்திய பிறகு ஒன்றரை நாள் வரை கிடப்பது வாத்துக்குச் சாதாரணம். கோழிக்குச் சொன்ன நேரத்தைக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

18ஆம் நாள் மூடுவதற்கு முன்பே ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் எண் போட்டுவிடுங்கள். கொத்து கண்ணில் பட்டதும் முட்டை எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி இன்குபேட்டர் மேலேயே ஒட்டுங்கள். இரவில் தூங்கிவிட்டுக் காலையில் பார்த்தால், பார்த்த நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். "ராத்திரியே கொத்தியிருக்கும்" என்று ஊகித்து மணியைக் கூட்டிக்கொள்வதில்தான் அவசரம் தொடங்குகிறது.

கையருகே இருக்க வேண்டியவை

சின்ன டார்ச், முனை மழுங்கிய இடுக்கி, காது குடையும் பஞ்சுக்குச்சி, கொதிக்கவைத்து 37–38 டிகிரி செல்சியஸுக்கு ஆறவைத்த தண்ணீர், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் அல்லது வாசனை சேர்க்காத வாஸ்லைன், சோள மாவு, சுத்தமான துண்டு, முட்டையை நிறுத்திவைக்க ஒரு சிறு கிண்ணம். இடுக்கியைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வேலை முடிந்த பிறகும் ஒருமுறை. கோழிக்குஞ்சிலிருந்து மனிதருக்கு சால்மோனெல்லா தொற்றும்.

மூடியைத் திறக்கும் முன் உள்ளே வேறு எத்தனை முட்டைகள் கொத்தியிருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒருமுறை திறந்தாலே ஈரப்பதம் மளமளவென்று இறங்கி, கொத்தி நிற்கும் மற்ற முட்டைகளின் சவ்வு காயத் தொடங்கும். ஒரு குஞ்சுக்காக எட்டைப் பணயம் வைப்பது கட்டுபடியாகாது. திறந்தே ஆக வேண்டும் என்றால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை உள்ளே வைத்துவிட்டு, முட்டையை எடுத்த கையோடு மூடிவிடுங்கள். வேலையை வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறையில் வைத்துக்கொண்டால் சவ்வு காயாது, குஞ்சும் குளிராது.

## அறிகுறி 1: நாள் கடந்துவிட்டது, ஓட்டில் கொத்தே இல்லை

மிக எளிய காரணம் நாளைத் தப்பாக எண்ணியது. முட்டை வைத்த நாள் பூஜ்யம், மறுநாள்தான் 1. அடுத்தது வெப்பநிலை: அரை டிகிரி குறைந்து ஓடினாலே பொரிப்பு ஒரு நாள் தள்ளிப்போகும். பல நாள் சேர்த்துவைத்த முட்டையும் தாமதமாகவே பொரிக்கும். எனவே 21ஆம் நாள் முடிந்ததும் பதறத் தேவையில்லை. அறையை இருட்டாக்கி, அகன்ற முனையில் டார்ச்சை அழுத்திப் பாருங்கள்.

காற்றறையின் விளிம்பு சாய்ந்திருக்கிறது, ஓரத்தில் நிழல் அசைகிறது. குஞ்சு உள்சவ்வைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. திருப்பி வைத்துவிட்டு மூடுங்கள்.

காற்றறைக்குள்ளேயே அலகின் நிழல் தெரிகிறது, சத்தமும் கேட்கிறது. உள்கொத்து முடிந்தது. நேரத்தைக் குறியுங்கள். 24 மணி நேரம் கழித்தும் ஓட்டில் கொத்து விழவில்லை என்றால், காற்றறையில் இருக்கும் காற்று தீர்ந்துவருகிறது. மூச்சுத் துளை போட வேண்டிய நேரம் இது.

டார்ச் வெளிச்சத்திலேயே காற்றறையின் எல்லையைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். அலகு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், கோட்டுக்கு நன்றாக உள்ளே, உச்சிக்குக் கிட்டே ஒரு புள்ளி வையுங்கள். கொதிநீரில் போட்டெடுத்த தடித்த ஊசியையோ கூரான திருகாணி முனையையோ அந்தப் புள்ளியில் வைத்து விரலால் திருகுங்கள். அழுத்திக் குத்தாதீர்கள். ஓடு தேய்ந்து, பிடிப்பு விட்ட உணர்வு விரலில் தெரியும். அங்கேயே நிறுத்துங்கள். 2 மில்லிமீட்டர் துளை போதும். அதைப் பெரிதாக்கினால் மூச்சும் வரும், கூடவே சவ்வும் காயும். துளை மேலே பார்க்கும்படி முட்டையைத் திருப்பி வைத்து இன்னும் 12 மணி நேரம் விடுங்கள். பெரும்பாலான குஞ்சுகளுக்கு இந்தத் துளையே போதும், மீதியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நிழல் அசையவில்லை, ஆனால் முட்டை கருமையாக நிறைந்திருக்கிறது. 23ஆம் நாள் வரை விடுங்கள். வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு ஆட்டம் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத முடிக்கீறல் இருந்தாலும் அதன் வழியே தண்ணீர் இறங்கிக் குஞ்சு மூழ்கிவிடும். டார்ச்சில் தெரியாத எதையும் இந்தச் சோதனை புதிதாகச் சொல்வதில்லை என்பதால், அதைத் தவிர்ப்பதே நல்லது.

உள்ளே நீர் தளும்புகிறது, நாற்றம் வருகிறது, ஓட்டில் கசிவு பூத்திருக்கிறது. அது கூமுட்டை. உள்ளே வாயு சேர்ந்திருந்தால் வெடிக்கும். ஈரத்துணியால் மூடி எடுத்து வெளியே கொண்டுபோங்கள்.

## அறிகுறி 2: கொத்து விழுந்தது, அப்புறம் அசைவே இல்லை

12 மணி நேரத்துக்குள். ஒன்றும் செய்யாதீர்கள். இதில் விதிவிலக்கு இரண்டுதான். ஒன்று, கொத்திய இடம் கீழே பார்த்துக் கம்பி வலையில் படிந்திருந்தால் அதை மேலே பார்க்கத் திருப்புங்கள். இன்னொன்று, முன்பே பொரித்த குஞ்சின் வெற்று ஓடு தொப்பி மாதிரி இந்த முட்டை மேல் கவிழ்ந்திருந்தால் அதை எடுத்துப் போடுங்கள். பொரித்த குஞ்சுகள் உள்ளே ஓடியாடும்போது இது அடிக்கடி நடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முட்டையில் எந்த மாற்றமும் தெரியாது, உள்ளே குஞ்சுக்கு இரண்டு ஓடு.

12 முதல் 24 மணி நேரம். இப்போதும் திறக்க வேண்டாம், கண்ணாடி வழியாகப் பாருங்கள். துளைக்குள் அலகு நுனி தெரிந்தால் ஒரு நிமிடம் அசையாமல் கவனியுங்கள். குஞ்சு வாயைத் திறந்து மூடி, எதையோ மென்று விழுங்குவது மாதிரி செய்யும். நடுவில் கொட்டாவி விடும். பட்டினியாலோ மூச்சுத் திணறலாலோ இப்படிச் செய்வதில்லை. மஞ்சள் கரு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. மெல்லும் குஞ்சை எத்தனை மணி ஆனாலும் உரிக்கக் கூடாது. மெல்லுவது நின்று, அலகால் ஓட்டைத் தட்டத் தொடங்கும்வரை அது தயாராகவில்லை.

24 மணி தாண்டிவிட்டது, மெல்லவில்லை, முன்னேற்றமும் இல்லை. கையில் எடுத்துப் பாருங்கள். துளையின் ஓரச் சவ்வு வெள்ளையாக, ஈரமாக, தொட்டால் வளைகிறதா? அப்படியென்றால் துளையை மட்டும் காற்றறைப் பக்கமாக ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்குங்கள். ஓட்டுத் துண்டை நகத்தால் வெளிப்பக்கமாக நெம்பி எடுங்கள். உள்ளே தள்ளினால் மூக்கில் போய் அடைக்கும். மூக்குத் துளை இரண்டும் வெளியே தெரிந்தால் போதும். திருப்பி வைத்து ஆறு மணி நேரம் விடுங்கள். சவ்வு விறைத்து நிறம் மாறியிருந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 3: துளையோரச் சவ்வு பழுப்பாகி, தோல் மாதிரி இறுகிவிட்டது

கை வைத்து உதவுவதற்கு உண்மையிலேயே நியாயமான காரணம் என்றால் முதலில் வருவது இதுதான். ஈரப்பதம் இறங்கியதால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின் உடம்போடு ஒட்டிவிட்டது. குஞ்சுக்கு வலு இருக்கிறது, திரும்ப இடம் இல்லை. துளை வழியாகப் பார்த்தால் சவ்வு மஞ்சளாகவோ பழுப்பாகவோ, பழைய காகிதம் மாதிரி தெரியும். பூமயிர் அதில் பசை போட்டது மாதிரி ஒட்டியிருக்கும். குஞ்சு விடாமல், கூர்மையாக, ஒரே சுருதியில் கத்தும்.

காரணங்களை மலிவானதிலிருந்து பாருங்கள்: மூடியை அடிக்கடி திறந்தது, தண்ணீர்த் தட்டு வற்றியது, விசிறிக் காற்று நேராக முட்டை மேல் அடிப்பது, ஈரப்பதமானி தப்புக் கணக்குக் காட்டுவது.

செய்முறை:

1. முட்டையைக் கிண்ணத்தில், அகன்ற முனை மேலே வரும்படி நிறுத்துங்கள். டார்ச்சில் காற்றறையின் எல்லையைக் குறியுங்கள். இன்றைய வேலை முழுக்க அந்தக் கோட்டுக்கு மேலேதான்.

2. துளையிலிருந்து தொடங்கி, 3–4 மில்லிமீட்டர் துண்டுகளாக ஓட்டை எடுங்கள். ஓட்டோடு ஒட்டி வரும் வெளிச்சவ்வு போனால் பரவாயில்லை. குஞ்சைப் போர்த்தியிருக்கும் உள்சவ்வைத் தொடாதீர்கள்.

3. பஞ்சுக்குச்சியை வெதுவெதுப்பான நீரில் தொட்டுப் பிழிந்து, உள்சவ்வின் மேல் உருட்டுங்கள். சில நொடிகளில் சவ்வு கண்ணாடி மாதிரி ஆகும். இப்போது டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சிவந்த நூல் மாதிரி கிளை பிரிந்து ஓடும் நாளங்கள் தெரிந்தால், அதில் இன்னும் ரத்தம் ஓடுகிறது. அங்கேயே நிறுத்துங்கள். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயையோ மெல்லிய வாஸ்லைன் பூச்சையோ மூக்கில் படாமல் சவ்வின் மேல் தடவி, முட்டையை உள்ளே வைத்து நான்கைந்து மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மங்கிய, வெறுமையான கோடுகள் மட்டும் தெரிந்தாலோ ஒன்றுமே தெரியாவிட்டாலோ அடுத்த படிக்குப் போகலாம்.

4. அலகுக்குப் பக்கத்தில் சவ்வை ஈரப்படுத்தி, இடுக்கியால் நுனியைப் பிடித்துப் பின்னோக்கிச் சுருட்டுங்கள். இழுக்கக் கூடாது. ஒட்டிய மயிர் விடவில்லை என்றால் மறுபடி நனைத்துக் காத்திருங்கள். முதலில் அலகு, பிறகு மூக்கு, பிறகு தலை.

5. அகன்ற முனையை மேலிருந்து பார்த்தால், குஞ்சு கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வெட்டிக்கொண்டு போகும். நீங்களும் அதே திசையில், காற்றறைக் கோட்டை ஒட்டி முக்கால் வட்டம் ஓட்டைப் பிரியுங்கள். மேல்தொப்பியைக் கழற்றிவிடலாம்.

6. நிறுத்துங்கள். கீழ்ப்பாதி ஓடு குஞ்சோடு அப்படியே இருக்கட்டும். தொப்புள் அந்தப் பாதிக்குள்தான் இருக்கிறது, அதன் நிலை உங்களுக்குத் தெரியாது. முட்டையை உள்ளே வைத்தால், தயாரான குஞ்சு ஓரிரு மணி நேரத்தில் காலால் உதைத்துத் தானே வெளியே வரும்.

இந்த ஆறு படியையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டும் என்று இல்லை. பத்து நிமிட வேலை, சில மணி நேரம் ஓய்வு, மறுபடி பத்து நிமிடம் என்று மூன்று தவணையாகச் செய்தால் குஞ்சு பிழைக்க வாய்ப்பு அதிகம்.

## அறிகுறி 4: சுற்றி வெட்டத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டது

உதவுவதற்கு ஆபத்து குறைந்த நிலை இது. வெட்டத் தொடங்கிய குஞ்சின் சவ்வில் பெரும்பாலும் ரத்தம் வற்றியிருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் வெட்டு நகரவில்லை என்றால் பாருங்கள். பெரும்பாலும் வெட்டின ஓரத்தில் மயிர் காய்ந்து ஓட்டோடு பிடித்துக்கொண்டிருக்கும், குஞ்சு அதற்கு மேல் திரும்ப முடியாமல் ஒரே இடத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓரத்தை ஈரப் பஞ்சால் நனைத்து மயிரை விடுவியுங்கள், வெட்டை இன்னொரு இரண்டு சென்டிமீட்டர் நீட்டிவிடுங்கள், அவ்வளவுதான். முக்கால் வட்டம் வந்திருந்தால் தொப்பியைக் கீல் போட்ட மூடி மாதிரி மெல்ல நெம்பிவிடலாம்.

## அறிகுறி 5: கூர்முனையில் கொத்து

குஞ்சு தலைகீழாகக் கிடக்கிறது. கூர்முனை மேலே வரும்படி முட்டை வைத்தது, சரியாகப் புரட்டாதது ஆகியவை வழக்கமான காரணங்கள். காற்றறை எதிர் முனையில் இருப்பதால், குஞ்சு நுரையீரலால் மூச்சுவிடப் பழகும் முன்பே ஓட்டைக் கொத்திவிடும். ஆகவே கொத்து விழுந்தும் உள்வேலை நிறைய பாக்கி இருக்கும். இங்கே அவசரம் மிகவும் கெட்டது. மூச்சுக்கு வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் 24 மணிக்குப் பதில் 36 மணி நேரம் கொடுங்கள். பல குஞ்சுகள் இப்படியே வெளியே வந்துவிடுகின்றன.

உதவ வேண்டி வந்தால், காற்றறைக் கோடு என்ற பாதுகாப்பு எல்லை இந்தப் பக்கம் கிடையாது. ஓட்டுக்கு அடியிலேயே நாளங்கள் ஓடும். ஒரு துண்டு எடுத்து, நனைத்து, பார்த்து, பிறகு அடுத்த துண்டு என்று போங்கள்.

## அறிகுறி 6: ரத்தம் கசிகிறது

40 கிராம் குஞ்சின் உடம்பில் மொத்த ரத்தமே சில மில்லிலிட்டர்தான். இரண்டு மூன்று சொட்டு போவதே அதற்குப் பெரிய இழப்பு. உடனே கையை நிறுத்தி, கசியும் இடத்தில் சுத்தமான பஞ்சுக்குச்சியில் சோள மாவைத் தொட்டு, ஒரு நிமிடம் லேசாக ஒற்றிப் பிடியுங்கள். தேய்க்காதீர்கள். நின்றதும் முட்டையை உள்ளே வைத்து ஆறு மணி நேரம் திறக்காமல் விடுங்கள். ஓட்டின் உட்புறம் காய்ந்த ஒரு சிவப்புக் கீற்று மட்டும் இருந்தால் பயமில்லை, இயல்பாகப் பொரித்த முட்டையிலும் அது இருக்கும். ஐந்து நிமிடம் ஒற்றிப் பிடித்தும் சொட்டிக்கொண்டே இருந்தால் வீட்டில் வேறு வழி இல்லை, கால்நடை மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

## அறிகுறி 7: ஓடு கழன்றது, வயிற்றில் மஞ்சள் கரு தொங்குகிறது

அவசரத்தின் விளைவாகவே பெரும்பாலும் இது நடக்கும். அதிக வெப்பத்தில் ஓடிய இன்குபேட்டரிலும் வரும். மஞ்சள் கருப் பை முழுசாக இருந்தால் நம்பிக்கை உண்டு. பையை உள்ளே தள்ளாதீர்கள், கத்தரிக்காதீர்கள், கட்டாதீர்கள். சிறு கிண்ணத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை விரித்து, குஞ்சை முட்டைக்குள் இருந்த மாதிரியே சுருண்டு உட்காரவைத்து, கிண்ணத்தோடு இன்குபேட்டரில் வையுங்கள். மற்ற குஞ்சுகள் அந்தப் பையைக் கொத்தும், அதனால் தடுப்பு அவசியம். சிலவற்றில் ஒரே இரவில் உள்ளே போய்விடும், சிலவற்றில் ஒரு நாள் ஆகும்.

நூல் மாதிரி காய்ந்த கொடி மட்டும் ஓட்டோடு இணைந்திருந்தால் விட்டுவிடுங்கள், தானே உதிரும். இழுத்தால் குடலும் சேர்ந்து வரலாம். தொப்புள் திறந்து பச்சையாக இருந்தால், நீர்த்த போவிடோன் அயோடினைப் பஞ்சில் தொட்டு ஒருமுறை ஒற்றுங்கள். பை கிழிந்து மஞ்சள் வழிந்தாலோ, குடல் வெளியே தெரிந்தாலோ பிழைப்பது அரிது. துன்பத்தை நீட்டாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

## அறிகுறி 8: குஞ்சு பிசின் பூசினது மாதிரி ஒட்டிக் கிடக்கிறது, துளையில் நீர் குமிழிடுகிறது

இது மூன்றாவது அறிகுறிக்கு நேர் எதிர். முதல் 18 நாளும் ஈரப்பதம் கூடுதலாக இருந்ததால் முட்டை போதுமான எடை இழக்கவில்லை. 60 கிராம் முட்டை 18ஆம் நாள் 52 அல்லது 53 கிராமுக்கு வந்திருக்க வேண்டும். 56இல் நின்றிருந்தால் காற்றறை சின்னதாகவும் குஞ்சு நீர் கோத்தும் இருக்கும். கொத்தியதும் அந்த நீர் மூக்கை அடைக்கும்.

இங்கே காத்திருக்கும் நேரம் குறைவு. மூக்கருகே குமிழ் வந்தால், 24 மணி ஆகவில்லை என்றாலும் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, உலர்ந்த பஞ்சுக்குச்சியால் நீரை ஒற்றி எடுத்து மூச்சுக்கு வழிவிடுங்கள். முட்டையைக் கொத்து மேலே பார்க்க, ஆனால் லேசாகச் சாய்த்து வையுங்கள். நீர் வடிந்துவிடும். உரிப்பதற்குப் பழைய விதிதான்: நாளம் தெரிந்தால் நிறுத்து. வெளியே வந்த பிறகு ஒட்டிய மயிரை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு உடனே உலரவைக்க வேண்டும்.

## அறிகுறி 9: அடைக்கோழியின் அடியில் ஒன்று மட்டும் வரவில்லை

கோழி உட்கார்ந்திருக்கும்வரை கை வைக்காதீர்கள். ஈரமும் சூடும் அதற்குத் தெரியும். சிக்கல் வருவது முதல் குஞ்சுகளோடு கோழி கூட்டைவிட்டு இறங்கும்போதுதான். விட்டுப்போன முட்டையைக் கையில் எடுத்தால் சில்லிட்டிருக்கும். செத்துவிட்டது என்று எறியும் முன் காதருகே வைத்துக் கேளுங்கள், டார்ச் அடியுங்கள். கொத்து நிலையில் இருக்கும் குஞ்சு கொஞ்ச நேரக் குளிரைத் தாங்கும். இன்குபேட்டர் இருந்தால் அதிலும், இல்லையென்றால் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அதன் மேலும் வைத்து 37.5 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். பொரித்ததும் இருட்டியபின் கோழியின் அடியில் தள்ளிவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

## வெளியே வந்த பிறகு

உதவி பெற்ற குஞ்சு மற்றவற்றைவிடத் தளர்ந்திருக்கும். உலர்ந்து பஞ்சு மாதிரி ஆகும்வரை இன்குபேட்டரிலேயே விடுங்கள். உள்ளே போன மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளுக்குச் சோறு போடும், தீனி ஊட்ட அவசரம் வேண்டாம். பிறகு 35 டிகிரி புரூடருக்கு (குஞ்சுகளைச் சூடாக வைத்து வளர்க்கும் பெட்டி) மாற்றி, அலகு நுனியைத் தண்ணீரில் ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள்.

கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து போனால், வழுக்கும் தரையை மாற்றிச் சாக்குத்துணி விரியுங்கள். ஒட்டும் பேண்டேஜை மெல்லிய பட்டையாக வெட்டி, நிற்கும் அகலத்தில் இரண்டு காலையும் இணைத்துவிடுங்கள். முதல் இரண்டு நாளில் செய்தால் இரண்டிலிருந்து நான்கு நாளில் நேராகும், வாரம் கடந்தால் கடினம். கழுத்து பின்னோக்கி வளைந்து வானம் பார்த்தாலோ, 24 மணி நேரத்தில் எழ முயலவே இல்லை என்றாலோ, ஓட்டுக்குள்ளேயே ஏதோ கோளாறு இருந்திருக்கலாம். குஞ்சால் கொத்த முடியாமல் போனதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட குஞ்சை இனவிருத்திக்கு வைக்காதீர்கள்.

## ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று இப்படி நின்றால்

ஒரு குஞ்சு நிற்பது தற்செயலாக இருக்கலாம். வைத்த ஒவ்வொரு ஈட்டிலும் நின்றால் முறையில் கோளாறு. செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

வெப்பமானியை உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வையுங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும். பூஜ்யத்தில் சரியாக இருந்தும் 37இல் தப்பலாம், எனவே காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியோடும் ஒப்பிடுங்கள். விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி. விசிறி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 38.3 முதல் 38.8 வரை. வெப்பமானியைத் தரைமட்டத்தில் வைத்து 37.5 பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம், அவர்களுக்குக் குஞ்சு நாளுக்கு முன்பே சிறுத்துப் பொரிப்பதன் காரணம் புரிவதில்லை.

ஈரப்பதமானிக்கு உப்புச் சோதனை: ஒரு சோடா மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும்வரை சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரப்பதமானியோடு காற்றுப் புகாத பையில் அடைத்து 12 மணி நேரம் வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 82 காட்டினால், அது 70 என்று சொல்லும்போது உண்மையில் 63தான் இருக்கிறது. மூன்றாவது அறிகுறி திரும்பத் திரும்ப வரும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதை.

பிறகு புரட்டல் (ஒரு நாளைக்கு மூன்று முறைக்குக் குறையாமல், 18ஆம் நாள் வரை), காற்றோட்டத் துளைகள் (கடைசி மூன்று நாளில் மூடிவைக்கவே கூடாது), முட்டை சேமித்த நாள் (ஏழுக்கு மேல் போனால் பொரிப்பு குறையும்). இவை எல்லாம் சரி என்றால், கை தாய்க்கோழிப் பக்கம் திரும்புகிறது: இனவிருத்தித் தீனியில் வைட்டமின் குறைவு, நெருங்கிய ரத்த உறவில் இணைசேர்ப்பு, முட்டை வழி பரவும் நோய். தீனி மாற்றினால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கோழிகளையே மாற்றுவது கடைசி, செலவும் அதுதான் அதிகம்.

கால்நடை மருத்துவரை எப்போது அழைப்பது

ரத்தம் நிற்காதபோது, குடலோ கிழிந்த மஞ்சள் கருவோ வெளியே தெரியும்போது. பொரித்த குஞ்சுகள் முதல் வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொப்புள் வீங்கி, பின்புறம் வெள்ளைக் கழிச்சல் ஒட்டிச் சாகும்போது. அதே கோழிகளின் முட்டை இரண்டு ஈடு தொடர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்தபோது. கிளி, புறா போன்றவற்றின் குஞ்சு என்றால் மேலே சொன்ன மணிக்கணக்கு பொருந்தாது, முதல் சந்தேகத்திலேயே பறவை மருத்துவம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

போகும்போது, பொரிக்காமல் செத்த முட்டைகளில் நான்கைந்தை உடைக்காமல் எடுத்துப்போங்கள். குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறையவைக்கக் கூடாது. உறைந்தால் திசு சிதைந்து பரிசோதனைக்கு உதவாது. ஒவ்வொரு முட்டையிலும் வைத்த தேதி, கொத்திய நேரம், 18ஆம் நாள் எடை மூன்றையும் பென்சிலால் எழுதியிருந்தால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுக்குப் பதில் ஓட்டிலேயே இருக்கும்.